சாட்சியாக வந்த இலை

இதையெல்லாம் பணி ஓய்வு பெற்றவர்கள்தான் எழுத வேண்டும். சால்வை போர்த்தி, பழக்கூடையோடு வீட்டுவாசலில் கொண்டுவந்து விட்ட பிறகு, கால்மேல் கால் போட்டுக்கொண்டு ‘அந்தக் காலத்தில்’ என்று ஆரம்பிப்பது முறை. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. ஆனால் மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. அடுத்த வாரம் நான் இந்த நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் இருக்க மாட்டேன். நீங்கள் மூன்று பேரும் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறீர்கள். வெளியே மறுபடி சாரல் தொடங்கிவிட்டது. சாரல் அடிக்கும்போது என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. ஊரே துண்டை எடுத்துக்கொண்டு குற்றாலம் அருவிக்கு ஓடும். நான் நாற்றங்காலுக்கு ஓடுவேன்.

நம் பண்ணையின் நோய் நாற்றங்காலை நேற்று பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு உங்களில் ஒருவர் முகத்தைச் சுளித்ததை நானும் பார்த்தேன். பழகிவிடும். உலகத்தில் எல்லாரும் பயிருக்கு நோய் வரக் கூடாது என்று வேண்டிக்கொள்வார்கள். நாம் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஆட்கள். நடுவில் புது நெல் ரகங்களை வரிசையாக விதைக்கிறோம். அவற்றைச் சுற்றி, தும்மினால் காய்ச்சல் வருகிற பிள்ளை மாதிரி, சட்டென்று நோய் பிடிக்கும் ஒரு ரகத்தை வேலியாக விதைக்கிறோம். யூரியாவை அள்ளிக் கொட்டுகிறோம். சாயங்காலமானால் ஈரச் சாக்கைப் போர்த்திவிடுகிறோம். குலை நோய்ப் பூசணத்துக்கு விருந்து வைத்து, மெத்தை போட்டு, ‘வாங்க, வாங்க’ என்று கூப்பிடுகிறோம். அத்தனைக்கும் நடுவில் எந்த ரகம் தலைநிமிர்ந்து நிற்கிறது என்று பார்க்கத்தான்.

நான் சேர்ந்த முதல் வருஷம், வேலிப் பயிரின் இலையில் கண் வடிவத்தில் ஒரு புள்ளி வந்தது. இரண்டு முனையும் கூர்ந்து, நடுவில் சாம்பல் நிறம், சுற்றிலும் பழுப்பு ஓரம். புத்தகத்தில் பார்த்த படமே எழுந்து வந்த மாதிரி இருந்தது. குதித்துவிட்டேன். வீட்டுக்குப் போகும்போது அல்வா வாங்கிக்கொண்டு போனேன். என் அம்மா மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தத் தட்டுதான் என்னைக் கல்லூரி வரை கொண்டுபோய் விட்டது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடப் படி ஏறியவர்கள் யாரும் இல்லை.

“என்னலே அல்வா? சம்பளம் கூட்டிட்டாங்களா?”

“இல்லம்மா. பயிருக்கு நோய் வந்துட்டு!”

அம்மா கையிலிருந்த இலையைக் கீழே வைத்தாள். “நோய் வந்ததுக்கு அல்வாவா? ஏலே, இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்? நாளைக்குப் பொண்ணு வீட்டுல மாப்பிள்ளை என்ன செய்தாருன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்? பயிரு பச்சையில பூசணம் வளக்கான்னா?”

இதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை. உங்களுக்குக் கிடைத்தால் எழுதி அனுப்புங்கள், அவசரமாகத் தேவைப்படுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏட்டு அண்ணாச்சியின் வயல்.

அண்ணாச்சி ஓய்வு பெற்ற தலைமைக் காவலர். குத்துக்கல்வலசைப் பக்கம் அவருக்கு வயல் இருக்கிறது. சுற்றிலும் மனைக்கல் நட்டு வீடுகள் எழும்பிக்கொண்டிருக்க, நடுவில் அவர் மட்டும் விடாமல் நெல் போடுகிறவர். நம் நாற்றங்காலில் மூன்று சாரலைத் தாண்டி நின்ற ஒரு ரகம், இன்னும் பெயர்கூட வைக்காதது, வெறும் எண் மட்டும் உள்ளது, அதை முதன்முதலாகப் பண்ணைக்கு வெளியே போட்டுப் பார்க்க இடம் தேடினோம். நாங்கள் கேட்ட ஆட்களெல்லாம் ‘பேரு வைக்காத பிள்ளையை எவன் வளப்பான்’ என்று நழுவினார்கள். அண்ணாச்சிதான் ஒரு வயலைக் கொடுத்தார். அடுத்த வயலில் அவர் வழக்கமாகப் போடும் சாப்பாட்டு ரகம். நடுவில் ஒரு வரப்பு மட்டும்.

ஒரு வாரம் விடாமல் சாரல் அடித்து ஓய்ந்த காலையில் போன் வந்தது.

“ஏலே தம்பி, நீ குடுத்த பயிருக்கு அம்மை போட்டுருக்கு. டிராக்டரை வரச் சொல்லிட்டேன். கடைசியா மொகத்தைப் பாக்கணும்னா வா.”

வண்டியை எடுத்தேன். சீசன் கூட்டத்தில் தென்காசி ரோடு முழுக்கக் கார்கள். கார்களின் ஜன்னலில் எல்லாம் ஈரத் துண்டுகள். நான் மட்டும் வேர்த்துக்கொண்டு போனேன்.

போய்ப் பார்த்தால் அண்ணாச்சி சொன்னது நிஜம். இலைக்கு இலை, ஊசியால் குத்திவைத்த மாதிரி பழுப்புப் புள்ளிகள். வரப்பு தாண்டி அவருடைய சொந்த வயல் கரும்பச்சையில் மினுங்கிக்கொண்டிருந்தது. ஒரு புள்ளி இல்லை. இரண்டு வயலையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிற எவனும், எந்த வயல் கெட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான்.

டிராக்டரில் அதை ஓட்டும் சுடலை உட்கார்ந்திருந்தான். மழைக்கு உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டிருந்தான். எஞ்சினை அணைக்கவில்லை.

“சார், சீக்கிரம் சொல்லுங்க. உழவா, இல்லையா? எனக்கு மேலகரத்துல ஒரு வயல் கெடக்கு.”

“உழவுதாம்லே,” என்றார் அண்ணாச்சி. “இதுலருந்து எம் பயிருக்கு ஒட்டிச்சுன்னா வீட்டுச் சோறு போச்சு. பக்கத்து வயக்காரன் என்னைத்தான் கேப்பான். இவன் மொகத்துக்காகத்தான் நிப்பாட்டி வச்சுருக்கேன்.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இப்போது நீங்கள்தான் அந்த வரப்பில் நிற்கிறீர்கள்.

உங்களுக்குப் பாடம் தெரியும். பூசண வித்து இலையில் விழுந்து, முளைத்து, துளைபோட்டு உள்ளே இறங்கும். நோய் எதிர்ப்புள்ள பயிர் அதை இன்னார் என்று அடையாளம் கண்டுகொள்ளும். கண்டுகொண்ட உடனே, துளை விழுந்த அந்தச் செல்லும் அதை ஒட்டிய ஒன்றிரண்டும் தாங்களாகவே செத்துவிடும். உயிருள்ள செல்லுக்குள்தான் அந்தப் பூசணம் காலூன்ற முடியும். சுற்றிலும் பிணமாகிவிட்டால் பட்டினி கிடந்து சாகும். அப்படிச் செத்த இடம்தான் ஊசிமுனைப் புள்ளி. அதாவது, அந்தப் புள்ளி நோய் ஜெயித்த இடமில்லை, தோற்ற இடம். நாற்றங்காலில் நான் இதை நூறு தடவை பார்த்துக் கைதட்டியிருக்கிறேன்.

அப்படியானால் ‘அண்ணாச்சி, இது எதிர்ப்பு, உழாதீங்க’ என்று சொல்லிவிட வேண்டியதுதானே? வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நிஜமான குலை நோயும் முதலில் இப்படிப் புள்ளியாகத்தான் தொடங்கும், பிறகுதான் விரிந்து கண்ணாகும். இலைப்புள்ளி நோய் என்று வேறொன்றும் இருக்கிறது, அதன் பிள்ளைப் பருவமும் ஏறத்தாழ இதே முகம்தான். அதைவிடப் பெரிய சிக்கல் எனக்குள் இருந்தது. அது எதிர்ப்பாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். வெளி வயலில் அந்த ரகம் நின்றது அங்கே மட்டும்தான். பண்ணையில் மிச்சமிருந்தது கையளவு விதை. அதை உழுதால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. உழாமல் விட்டு, அது நோயாகவே இருந்துவிட்டால், நம்மை நம்பிய ஒரே மனிதரின் சோற்றில் மண். இவ்வளவு ஆசை இருக்கிற கண்ணால் புள்ளியைப் பார்த்தால், புள்ளி நமக்கு வேண்டியதைத்தான் சொல்லும்.

நம் பண்ணைத் தலைவர் மேடத்துக்குப் போன் போட்டேன். வெளியூரில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். கிசுகிசுவென்று பேசினார்.

“உனக்கு என்ன தோணுது?”

“எதிர்ப்புன்னு தோணுது மேடம்.”

“தோணுதா, தெரியுமா?”

“தோணுது.”

“அப்ப அதையே அவர்ட்ட சொல்லு. டீ வந்துட்டு, வைக்கேன்.”

அவ்வளவுதான். போன் அணைந்தது. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய உபதேசம் ஒரு டீக்கு முன்னால் கிடைத்தது.

“அண்ணாச்சி,” என்றேன், “இது நோயா, இல்லை நோயைப் பயிரு அடிச்சுப் போட்ட தடமான்னு எனக்கு இப்பத் தெரியாது. ஆனா நாளைக்குச் சாயங்காலம் தெரிஞ்சுரும். அதுவரைக்கும் உழாதீங்க.”

அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சுடலையைப் பார்த்தார்.

“கேட்டியாலே? தெரியாதுங்கான்! நான் சர்வீஸ்ல பாத்த ஆபீசர்ல தெரியாதுன்னு வாயத் தொறந்து சொன்ன மொத ஆளு இவந்தான். எஞ்சினை அமத்து.”

எஞ்சின் நின்றது.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. மூடியுள்ள ஒரு டப்பா, அடியில் ஈரத்துணி, அதன்மேல் இலைத் துண்டுகள். ஈரத்தில் பூசணத்துக்குக் கொண்டாட்டம். உயிரோடு இருந்தால் புள்ளி விரிந்து, சாம்பல் பூத்துவிடும். செத்துப்போயிருந்தால் புள்ளி புள்ளியாகவே கிடக்கும். டப்பாவுக்கு அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். அவர் மனைவியை நாங்கள் எல்லாரும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். அண்ணாச்சிக்கு ஊர் பயப்படும், ஆச்சிக்கு அண்ணாச்சி பயப்படுவார்.

“எவர்சில்வர் டப்பாவா? எம் மக சவுதியிலருந்து வரும்போது கொண்டாந்தது அது. அதுல பூசணம் வளக்கப் போறியளா?”

“விசாரணைக்கு, ஏட்டி,” என்றார் அண்ணாச்சி.

“விசாரணை முடிஞ்சதும் அதுல நீங்கதான் புளியோதரை திங்கணும், பாத்துக்கிடுங்க.”

இலையை வெட்டி வைத்தேன். பிறகு, “உங்க வயல்லருந்தும் நாலு இலை வேணும் அண்ணாச்சி,” என்றேன்.

அவர் முகம் மாறியது. “எம் பயிரை எதுக்குலே ஸ்டேஷனுக்குக் கூப்பிடுத? அது என்ன தப்பு செஞ்சுது?”

“ஒண்ணும் செய்யலை. ஒப்பிட்டுப் பாக்கணும்லா? சாட்சி மாதிரி.”

“சாட்சியா?” யோசித்தார். “சாட்சின்னா வரலாம். மரியாதையா நடத்தணும்.”

டப்பாவின் ஒரு பக்கம் புள்ளி இலை, மறு பக்கம் சாட்சி. நடுவில் ஒரு தீக்குச்சி வரப்பு. மூடியை மூடியதும் நான் பையில் வைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

“நீ கொண்டு போவியா? வழியில மாத்த மாட்டேன்னு என்ன நிச்சயம்?”

மூடியைச் சுற்றி நூல் கட்டினார். மெழுகுவத்தியை ஏற்றி, முடிச்சின்மேல் சொட்டவிட்டு, மோதிரத்தை வைத்து அழுத்தினார். எங்கே வைப்பது என்று புருஷன் பெண்டாட்டிக்குள் தனியாக ஒரு வழக்கு நடந்தது. பூஜை அலமாரி என்றார் அண்ணாச்சி. பூசணத்துக்கு விளக்கேத்த முடியாது என்றாள் ஆச்சி. கடைசியில் டி.வி.க்குக் கீழே இடம் கிடைத்தது.

மறுநாள் சாயங்காலம் வரை நான் ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்யவில்லை. அண்ணாச்சி தெருவில் போனவர் வந்தவரையெல்லாம் கூப்பிட்டு டப்பாவைக் காட்டி, ‘உள்ள ரெண்டு பேரு இருக்கான்’ என்று சொல்லியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் கூட்டம். சுடலையும் வந்திருந்தான், இந்தத் தடவை டிராக்டர் இல்லாமல்.

அண்ணாச்சி மெழுகைச் சரிபார்த்து, நூலை அறுத்து, மூடியைத் திறந்தார்.

புள்ளி இலை அப்படியே இருந்தது. அதே ஊசிமுனை, அதே பழுப்பு. லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூடத் தலைகாட்டவில்லை. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

“சிரிக்காத,” என்றார் அண்ணாச்சி. குரல் இறங்கியிருந்தது. “இதென்னலே?”

அவர் விரல் மறுபக்கத்தில் இருந்தது. சாட்சி இலை. நேற்று மாசு மருவில்லாமல் உள்ளே போன பச்சை இலை. அதில் இரண்டு முனையும் கூர்ந்த ஈரச் சாம்பல் கண்கள். ஒன்றின்மேல் பஞ்சு மாதிரி மெல்லிய பூப்பு. புத்தகத்தில் உள்ள படமேதான். இந்தத் தடவை நான் குதிக்கவில்லை.

“அண்ணாச்சி, நோய் உங்க வயல்லதான் இருக்கு.”

“பச்சையால்லா நின்னுச்சு!”

“அதுதான் அண்ணாச்சி விஷயம். அதே சாரல்ல, அதே காத்துல, வித்து ரெண்டு வயல்லயும்தான் விழுந்துருக்கு. இந்தப் பயிரு வந்தவனை அடையாளம் கண்டுச்சு. வந்த இடத்துலயே தன் செல்லைச் சாகவிட்டு அவனையும் சாகடிச்சுது. அந்தச் சண்டை நமக்குப் புள்ளியாத் தெரிஞ்சுது. உங்க பயிருக்கு வந்தவன் யாருன்னே தெரியலை. சண்டையே நடக்கலை, அதான் புள்ளியும் இல்லை. உள்ள இருந்து சத்தமில்லாம தின்னுக்கிட்டு இருந்துருக்கான். டப்பா ஈரத்துல வெளிய வந்துட்டான்.”

அண்ணாச்சி குனிந்து சாட்சி இலையை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “வந்தவனை மாப்பிள்ளைன்னு நெனச்சு எம் பயிரு சோறு போட்டுருக்கு.”

“சாட்சியாப் போனவன் அக்யூஸ்ட் ஆயிட்டான் சார்,” என்றான் சுடலை.

ஆச்சி அடக்க முடியாமல் சிரித்தாள். “இம்புட்டு வருசம் போலீசு! திருடனை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு, அவனை அடிச்சுப் போட்டவனைத் தூக்குல போடப் போனியளே!”

“ஏட்டி, சும்மா இரு,” என்றார் அண்ணாச்சி. ஆனால் எழுந்துவிட்டார். “இப்ப என்னலே செய்யணும்?”

அது தெரியும் எனக்கு. அன்றைக்கு வாங்கி வைத்திருந்த யூரியா மூட்டையைப் பிரிக்க வேண்டாம் என்றேன். அந்தக் கரும்பச்சை மினுமினுப்பே யூரியா அதிகமானதால் வந்ததுதான், பூசணத்துக்கு அது பந்தி. விடிந்ததும் சாரல் ஓய்ந்த இடைவெளியில் மருந்து அடித்தோம். அவருடைய வயலுக்கு மட்டும். வரப்பில் அண்ணாச்சி கையில் கம்போடு நின்றார், ஒரு சொட்டு மருந்துகூடப் புது ரகத்தின்மேல் படக் கூடாதாம். “அவனுக்கு எதுக்குலே? அவனே பாத்துக்கிடுவான்!” என்று மருந்து அடித்தவனை விரட்டிக்கொண்டே இருந்தார்.

தண்ணீர் தேங்கிய ஒரு மூலை மட்டும் கருகியது. மிச்சம் தப்பியது. இன்னும் ஒரு வாரம் அந்தப் பச்சையை நம்பி விட்டிருந்தால், கதிர் வரும் நேரத்தில் கழுத்து ஒடிந்து வெறும் பதர்தான் மிஞ்சியிருக்கும். புது ரகம் கடைசிவரை அந்தப் புள்ளிகளோடேயே நின்று, கதிர் தள்ளி, முற்றிச் சாய்ந்தது. அறுப்புவரை அண்ணாச்சி வழியில் போகிற ஆட்களை நிறுத்தி, இலையை நீவிக் காட்டுவார். “புள்ளின்னு நெனைக்காத. மெடலு. இலை பூரா மெடல் குத்தியிருக்கான் பாரு. எனக்கு சர்வீஸ் முழுக்க ஒண்ணு கெடைக்கலை.”

இதை ஏன் இவ்வளவு நீட்டி முழக்கிச் சொல்கிறேன் என்றால், நீங்களும் பச்சையைப் பார்த்து மயங்குவீர்கள், புள்ளியைப் பார்த்துப் பதறுவீர்கள். நானும் அப்படித்தான், இன்றைக்கும். எதிர்ப்பு என்பது பளிங்கு மாதிரி இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அது தழும்போடுதான் இருக்கும். எந்தத் தழும்பு எதைச் சொல்கிறது என்று சந்தேகம் வந்தால், டிராக்டர் உறுமிக்கொண்டு நின்றாலும், ஈரத்துணிக்கு ஒரு நாள் கொடுங்கள். அந்த ஒரு நாளைக் கேட்டு வாங்குவதுதான் நம் வேலையில் கஷ்டமான பகுதி. மற்றதெல்லாம் படித்தால் வந்துவிடும்.

இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் இன்று காலை அண்ணாச்சி போன் செய்தார். இந்த வருஷம் இரண்டு வயலிலும் அந்த ரகத்தையே போட்டிருக்கிறார். குரலில் பதற்றம்.

“ஏலே தம்பி, சாரல் அடிக்க ஆரம்பிச்சு ஒரு வாரம் ஆச்சு. ஒத்தப் புள்ளி இல்லலே! சுத்தமாப் பச்சையா நிக்கி. எனக்குப் பயமா இருக்கு.”

போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் உங்களில் ஒருவர் எட்டிப் பார்த்தீர்களே, அது இதற்குத்தான். ஆனால் சிரித்து முடித்ததும் யோசித்தேன். அண்ணாச்சி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஒன்று, இந்த வருஷம் பூசணம் இன்னும் அந்தப் பக்கம் வந்தே சேரவில்லை. அல்லது, வந்துவிட்டது, இந்தப் பயிருக்கு அடையாளம் தெரியாத புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, அண்ணாச்சியின் பழைய பயிர் மாதிரி இதுவும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. பூசணம் சட்டை மாற்றக்கூடியது என்பது உங்களுக்கும் தெரியும். இரண்டில் எது? வரப்பில் நின்று பார்த்தால் இரண்டுக்கும் ஒரே பச்சைதான்.

எனக்குத் தெரியாது அண்ணாச்சி என்றேன். நான் மாறிப் போகிறேன், புதிதாக வந்தவர்களை அனுப்புகிறேன் என்றேன்.

“வாரவன்ட்ட ஒண்ணு கேட்டுட்டு அனுப்பு,” என்றார் அண்ணாச்சி. “தெரியாதுன்னு சொல்ல வருமான்னு கேளு. வரும்னா மட்டும் அனுப்பு. ஆச்சி டப்பாவைக் கழுவி வச்சிட்டா. மெழுகுவத்தியும் வாங்கியாச்சு.”

ஆகவே கேட்கிறேன். உங்களில் யார் போகிறீர்கள்?